காளவாய்த் தெருவில் கிடந்த தூக்கம்

சுண்ணாம்புக் காளவாய்த் தெருவின் நடைபாதையில் இனி எவரும் உட்காரலாகாது, படுக்கலாகாது, பிறர் நடக்கும் வழியை மறிக்கலாகாது என்று மாநகராட்சி விதி வகுத்த பிறகு, ஒரு விடியற்காலையில், கூச்சல் எழக்கூடாது என்பதற்காக, அங்கே படுத்திருந்த குடும்பங்களைக் காவலர்கள் எழுப்பாமல், தூக்கம் கலையாதபடி தூக்கி லாரிகளில் ஏற்றினார்கள். அதனால் மனிதர்கள் போனார்கள், பாய்கள் போயின, அடுப்புகளும் குடங்களும் போயின, அவர்களுடைய தூக்கம் மட்டும் எழுந்து போகாமல் அங்கேயே கிடந்தது.

அந்தத் தூக்கத்துக்கு உருவம் இல்லை. வெயில் ஏறிய பின்னும் சூடேறாத ஆளளவு இடங்களாக, பெரிதும் சிறிதுமாய், சுவரோரத்திலிருந்து சாலை விளிம்பு வரை அது கிடந்தது. அதை முதலில் மிதித்தவர் வங்கி அதிகாரி ஒருவர். மருத்துவர் சொற்படி காலைதோறும் கைகளை வீசி நடப்பவர். சுத்தமாகிவிட்ட நடைபாதையில் நடந்து பார்க்கும் ஆவலோடு வந்தவர், பாத்திரக் கடைக்கு முன்னால் வலக்காலை ஊன்றியதும், வீசிய கை வீசியபடியே நின்று குறட்டை விடத் தொடங்கினார். பால் விற்பவர் அவரை ஓர் அடி தள்ளி நிறுத்தியதும் விழித்துக்கொண்டார், விழித்தவர் அழுதார். மனைவி இறந்ததிலிருந்து தாம் இப்படித் தூங்கியதே இல்லை என்றும், யாரும் தவறாக நினைக்காவிட்டால் இன்னும் சிறிது நேரம் அங்கேயே நிற்க விரும்புவதாகவும் சொன்னார். யாரும் தவறாக நினைக்கவில்லை.

செய்தி பரவியது. தூக்கம் ஏன் அங்கே கிடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை; எந்த இடத்தில் நல்ல தூக்கம், எவ்வளவு நேரம் கிடைக்கும், பெண்களுக்குத் தனி வரிசை உண்டா என்றுதான் கேட்டார்கள். மாத்திரை விழுங்கியும் தூங்காதவர்கள் வந்தார்கள், வழக்கு தோற்றவர்கள் வந்தார்கள், வழக்கு வென்றவர்களும் வந்தார்கள், மகள்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்கள் கழுத்தில் சிறு தலையணைகளைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். விதி இருந்தது, உட்காரக்கூடாது, படுக்கக்கூடாது. ஆகவே எல்லாரும் நின்றபடியே தூங்கினார்கள். பாத்திரக் கடை உரிமையாளர் சபாநடேசன், குடங்களைக் கோத்துத் தொங்கவிடும் கொக்கிகளில் தோல் பட்டைகளை மாட்டி, தூங்குபவர்களின் அக்குளுக்கடியில் கொடுத்து இறுக்கிவிட்டார். தலைமைக் காவலர் ஞானசிகாமணி பிரம்போடு வரிசையின் நெடுகிலும் நடந்து, யாருடைய முழங்காலாவது மடங்கக் கண்டால் மெல்லத் தட்டி, "நிமிர்ந்து தூங்குங்க சார், நிமிர்ந்து தூங்குங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

கூட்டம் மிகுந்ததும் டோக்கன் வந்தது. டோக்கன் வைத்திருப்பவர்கள் வழியை மறிக்கவில்லை, வழியைப் பயன்படுத்துகிறார்கள் என்று வார்டு உறுப்பினர் விளக்கம் அளித்தார். தூங்குபவர்களை இடித்துவிடக்கூடாது என்ற மரியாதையால், நடப்பவர்கள் நடைபாதையை விட்டிறங்கிப் பேருந்துகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே நடந்தார்கள். யார் நடப்பதற்காக அந்த நடைபாதை காலி செய்யப்பட்டதோ அவர்களில் ஒருவரும் அதன்மேல் நடக்கவில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எல்லா இடத்துத் தூக்கமும் ஒன்றுபோல் இருக்கவில்லை. மீன்பாடி வண்டியில் பாரம் இழுத்தவரின் தூக்கம் கிணறுபோல் ஆழமாக இருந்தது. அதில் நின்று எழுந்தவர்கள் தோள்பட்டை வலிக்கிறது என்றார்கள், ஆனாலும் மறுநாள் வந்தார்கள். கர்ப்பிணி ஒருத்தியின் தூக்கத்தில் நின்ற கணக்காய்வாளர், விழித்ததும் நெடுநேரம் தம் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் சிறந்தது, கடைச் சுவரை ஒட்டி, மழைநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கிடந்த ஒரு சின்னஞ்சிறு தூக்கம். அதில் கனவுகூட இல்லை. பால்போல வெறும் வெண்மைதான் இருந்தது. அதற்கு டோக்கன் கொடுக்காமல் சபாநடேசன் தமக்கென்றே வைத்துக்கொண்டார். அதற்கு அடுத்தாற்போல், சாலைப் பக்கமாகக் கிடந்த தூக்கத்தை எவரும் விரும்பவில்லை. அது நைந்த துணிபோல் மெலிந்திருந்தது. ஹாரன் ஒலிக்கும்போதெல்லாம் விழிப்பு வந்தது. வாடிக்கையாளர்கள் சண்டையிட்டார்கள். கடைசியில் அந்த இடத்தில் செருப்புகளைக் கழற்றி வைத்தார்கள்.

*

லாரிகள் போய்ச் சேர்ந்த இடம் நாணல்பாக்கம். நகரத்துக்கு வெளியே, சதுப்பு நிலத்துக்கு அப்பால், அடுக்கடுக்காக எழுப்பப்பட்ட வீடுகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான்கு சுவரும் ஒரு கதவும் கிடைத்தன. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். கண்களை மூடினால் இமைகள் தாமாகத் திறந்துகொண்டன. முதல் வாரம் புது இடம் என்றார்கள். அடுத்த வாரம் கொசு என்றார்கள். பிறகு, நடைபாதையிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய காரணம் ஒன்று அவர்களுக்குத் தோன்றியது.

"சத்தமே இல்லடி. அதான்" என்றாள் ராணியக்கா. இட்லி விற்றுப் பிழைத்தவள், எல்லாருக்கும் மூத்தவள். "காதுக்குள்ள ஙொய்னு கீது. இதுல எவனுக்குத் தூக்கம் வரும்? பஸ்ஸு போவணும், லாரி போவணும், எவனாச்சும் குட்ச்சிட்டு கத்தணும். அப்பதான் கண்ணு அசரும்."

ஆகவே, வீடுகளைப் பூட்டிவிட்டு, வெளியே இருந்த நீண்ட நடைக்கூடத்தில் வந்து படுத்தார்கள். பழைய ஒழுங்கு மாறாமல், குழந்தைகள் சுவரோரம், பெண்கள் நடுவில், ஆண்கள் விளிம்பில் என்று வரிசையாகப் படுத்தார்கள். ஆண்கள் முறை வைத்துக்கொண்டு, பழைய இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்த லாரி ஹாரனை ஊதினார்கள். சிலர் தகரங்களைத் தட்டினார்கள். ஒருவன் வசவுகளை உரக்கச் சொன்னான். எதிரடுக்கில் இருந்தவர்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். அந்தப் பேரிரைச்சலின் நடுவே, தெருவின் மனிதர்கள் அனைவரும் கண்களை அகலத் திறந்தபடி படுத்திருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி தேசம்மாள். ஓட்டல்களுக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பவள். நடைபாதைமேல் ஏறிய லாரி ஒன்றுக்குக் கணவனைக் கொடுத்தவள். அவளுடைய ஒரே மகள் மோனிஷாவுக்கு நான்கு வயது. லாரியில் ஏற்றிய விடியலிலிருந்து அந்தக் குழந்தை தூங்கவில்லை. முதலில் அழுதது, பிறகு அழுகை நின்றது. கண்ணின் வெள்ளை பழுத்து, இமைகள் காய்ந்து, கைகால்கள் துடைப்பக் குச்சிகளாயின. சுகாதார நிலையத்தில் கொடுத்த மருந்தைக் குடித்ததும் உடல் துவண்டது. கண்கள் மட்டும் அந்தத் துவண்ட உடலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தன. காணாமற்போன செருப்பைக் கேட்பதுபோல் அது தாயைக் கேட்டது:

"ம்மா, என் தூக்கம் எங்க?"

"வரும்டி கண்ணு."

"நீ எட்த்துனு வரலையா?"

மேல்மாடியில் கைக்குழந்தை ஒன்று, கூரையைப் பார்த்தபடியே இறந்துபோனது. மறுநாள் தேசம்மாள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ராணியக்காவோடு மளிகைக் கடைக்குப் போனாள். கடைத் தொலைக்காட்சியில் காளவாய்த் தெருவைக் காட்டினார்கள். நகரத்தின் புதுமை என்று ஒரு பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பட்டைகளில் தொங்கியபடி வரிசையாக மனிதர்கள். கோடியில், மழைநீர்க் குழாய்க்குப் பக்கத்தில், தடித்த உடலும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர், வலக்கைக் கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, இடக்கையால் தம் காதுமடலை முறுக்கியபடி தூங்கினார்.

தேசம்மாள் வாங்கிய சர்க்கரையைக் கீழே போட்டாள்.

"அது எம் பொண்ணு தூக்கம்" என்றாள். "இன்னொருத்தருக்கு அப்டித் தூங்கத் தெரியாது. விரலு, காது, அத்தனையும் அவளுது."

"பேரு எழுதி வெச்சிருக்கியா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

ராணியக்கா சிரிக்கவில்லை. படத்தை உற்றுப் பார்த்தாள். "தோ, அந்தக் கண்ணாடிக்காரன் நிக்கிறான் பாரு, அது என் எடம். என் தூக்கத்துல நிக்கிறான், பாவி. வாயப் பொளந்துனு" என்றாள். பிறகு தேசம்மாளின் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "போடி. புள்ளைய இட்டுனு இப்பவே போ. நீ போய்ப் பாத்துட்டு வா. அப்பால நாங்க வர்றோம்."

*

தேசம்மாள் காளவாய்த் தெருவில் இறங்கியபோது உச்சிவெயில். தூங்குபவர்கள் பட்டைகளில் சாய்ந்து, சந்தைக்குக் கொண்டுவந்த கோழிகள்போல் தலை தொங்க நின்றார்கள். அவளைக் கண்டதும் ஞானசிகாமணி பிரம்பைக் குறுக்கே நீட்டினார்.

"ஏம்மா, நீங்கல்லாம் இங்க வரக்கூடாதுன்னு சொல்லியிருக்குல்ல?"

"உக்கார வரல சார். படுக்க வரல. எம் பொண்ணு தூக்கத்த எட்த்துனு போவ வந்தேன்."

அவர் தோளில் கிடந்த குழந்தையின் முகத்தைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. அவருடைய பிரம்பு தாழ்ந்தது.

"இத நான்தான் தூக்குனேன்" என்றார். "லாரில ஏத்துறப்போ. என் சட்டையெல்லாம் எச்சி. அப்படித் தூங்குச்சு. பலகையில வெச்சதும் கண்ணத் தொறந்து பாத்துச்சு."

"அன்னிக்குத் தொறந்த கண்ணு சார். இன்னும் மூடல."

அவர் டோக்கன் கேட்கவில்லை. அவள் நேராகச் சுவரோரம் போய், சபாநடேசனின் வாயிலிருந்து கட்டைவிரலைப் பிடித்து இழுத்தாள். அவர் திடுக்கிட்டு விழித்தார்.

"யாரும்மா நீ? தொடாதே. இது என் இடம்."

"எடம் உன்னுதுதான், வெச்சுக்கோ. தூக்கம் எம் பொண்ணுது."

"நான் என்ன திருடினேனா? என் கடை வாசலில் கிடந்தது. கேட்பாரில்லாமல் கிடந்தது."

"வெரலக் காட்டு சார்."

அவர் காட்டவில்லை. ஊறி வெளுத்துச் சுருங்கிப்போயிருந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். வரிசையில் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"தூங்குறவரை எழுப்புறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?" என்றாள் தலையணைக்காரி ஒருத்தி.

"உங்களுக்குத்தான் வீடு குடுத்தாங்களே! அங்க போய்த் தூங்கக்கூடாதா?" என்றார் வேறொருவர்.

"வீடு குடுத்தாங்க" என்றாள் தேசம்மாள். "தூக்கத்த நீங்க வெச்சிக்கினீங்க."

சபாநடேசன் பட்டைகளைக் கழற்றிக்கொண்டு விலகினார். அவள் மகளை இறக்கி, அந்தச் சிறிய இடத்தில், சுவரில் முதுகு படும்படி நிறுத்தினாள். குழந்தை தன் இடத்தை அறிந்துகொண்டது. கட்டைவிரல் வாய்க்குப் போயிற்று. இடக்கை காதுமடலைத் தேடிற்று. தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. கண்கள் மூடவில்லை.

தேசம்மாள் தரையைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தாள்.

"குந்தாதம்மா!" என்று பதறினார் காவலர்.

அவள் குந்தவில்லை. நின்றபடியே இடுப்பை வளைத்துத் தரையில் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் கிடக்கும் மற்றெந்தச் சிமெண்டுத் தரையையும்போல் அது சுட்டது. அங்கே ஒன்றும் மீதி இல்லை.

"நேற்றுக்கூட இருந்தது" என்றார் சபாநடேசன். அவருடைய குரல் மிகச் சிறியதாகிவிட்டிருந்தது. "இன்றைக்குக் கொஞ்சம் லேசாகத்தான்... இதுதான் கடைசி என்று எனக்குத் தெரியாதம்மா. தெரிந்திருந்தால்..."

தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை அவர் சொல்லி முடிக்கவில்லை. கடைக்குள் போய், அடுக்கி வைத்த அண்டாக்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

மோனிஷா தாயை நிமிர்ந்து பார்த்தாள். "காலியாம்மா?" என்று கேட்டாள்.

தேசம்மாள் சுற்றிலும் பார்த்தபோதுதான், அடுத்த இடத்தில் குவிந்திருந்த செருப்புகளைக் கண்டாள். அது அவளுடைய இடம்.

"அத யாரும் எடுக்கல" என்றார் ஞானசிகாமணி. "நல்லால்லேன்னுட்டாங்க. ஈ பறந்தாக்கூட முழிப்பு வருதாம்."

அவள் செருப்புகளைக் காலால் ஒதுக்கினாள். வெறும் பாதம் அந்தத் தரையில் பட்டதும், அந்த வெயிலிலும், மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி கணுக்காலில் ஏறிற்று, முழங்கால்கள் இளகின, இத்தனை நாள் விழிப்பும் ஒரே மூட்டையாகி அவள் முதுகிலிருந்து நழுவத் தொடங்கிற்று, தெருவின் ஓசைகள் ஒவ்வொன்றாக விலகின, இமைகள் பாதி இறங்கிவிட்டன. இன்னும் ஒரு கால். இன்னும் ஒரு காலை எடுத்து வைத்தால் போதும். அவள் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தாள். சேற்றிலிருந்து பிடுங்குவதுபோல் இழுக்க வேண்டியிருந்தது.

பிறகு மகளைத் தூக்கி அந்த இடத்தில் நிறுத்தினாள்.

குழந்தையின் விரல் வாயிலிருந்து தானாக விழுந்தது. கண்கள் மூடின. கால்கள் துவண்டன.

"படுக்கக்கூடாதும்மா" என்றார் காவலர். தெருக்கோடியில் மாநகராட்சியின் ஜீப் நின்றுகொண்டிருந்தது.

"படுக்கல சார். நிக்கிது."

அவள் மகளின் அக்குள்களில் கைகொடுத்து, பாதங்கள் தரையில் பதியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் கால்கள் அந்தக் குளிர்ந்த எல்லைக்குள் போகாதபடி அகட்டி வைத்துக்கொண்டு நின்றாள். கைகள் மரத்தன, இடுப்பு இற்றது, அவள் நின்றாள். ஞானசிகாமணி குழந்தையைப் படுக்கவைக்கச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. வெயில் திரும்பத் திரும்பத் தாமும் நகர்ந்து நகர்ந்து, தம் நிழல் குழந்தையின் முகத்தில் விழும்படி நின்றுகொண்டார். விதியில் நிழலைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. மாலைப் பேருந்துகள் வரத் தொடங்கியபோது, குழந்தையின் பாதங்களுக்கடியில் தரை சூடேறிற்று. அந்தத் தூக்கம் முழுவதும் குழந்தையோடு எழுந்துவிட்டது.

*

மறுநாள் ராணியக்காவும் மற்றவர்களும் காளவாய்த் தெருவுக்குப் போனார்கள். சிலருக்கு ஒரு கைப்பிடி மீந்திருந்தது, பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை. ராணியக்கா தன் இடத்தில் நின்று பார்த்துவிட்டு, அந்தக் கண்ணாடிக்காரரைத் தேடினாள், அவர் வரவில்லை. தெருவில் பட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நின்று தூங்கப் பழகியவர்களோ சும்மா இருக்கவில்லை; வங்கி அதிகாரியின் தலைமையில் வார்டு உறுப்பினரைக் கண்டு, இரயிலடிக்குப் பின்னாலுள்ள தெருவிலும், மருத்துவமனை மதிலோரத்திலும் இன்னும் பலர் நடைபாதையில் படுக்கிறார்கள் என்றும், அங்கேயும் விதியை விரைந்து நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும், ஏற்றும்போது அவர்களை எழுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானதாகக் கருதப்பட்டது.

நாணல்பாக்கத்தில், தேசம்மாளின் வீட்டில், மோனிஷா அந்த மாலையிலும் தூங்கினாள். முகத்தில் இரத்தம் ஊறத் தொடங்கியிருந்தது. பிழைத்துவிடுவாள், அதில் ஐயமில்லை. விளக்கேற்றிவிட்டுத் தேசம்மாள் கதவருகில் அமர்ந்து மகளைப் பார்த்தாள்.

குழந்தை சுவரோரம் படுக்கவில்லை. நடைபாதையில் தாய் படுத்ததுபோலவே, சுவருக்கும் தனக்கும் நடுவே ஓர் இடம் விட்டு, கதவைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தது. வெளியே யாரோ குடத்தை வைத்த ஓசைக்கு விருட்டென்று தலையைத் தூக்கி, கதவை உற்றுப் பார்த்துவிட்டு, மறுபடி சாய்ந்தது. மூச்சைப் பாதியில் நிறுத்தி நிறுத்திக் காது கொடுத்தது. அந்த நான்கு வயது நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. இடக்கை பின்புறமாக நீண்டு, சுவரோரத்து வெறுந்தரையைத் தட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் நீண்டு தட்டியது. யாரும் அகப்படாமல் பதறிப் பதறித் துழாவியது.

தேசம்மாள் எழுந்து வந்தாள். மகளைத் தாண்டிச் சென்று, சுவருக்கும் அவளுக்கும் இடையிலிருந்த இடத்தில் முழங்கால்களை மார்போடு மடக்கி, இயன்றவரை உடலைச் சிறிதாக்கிக்கொண்டு படுத்தாள். துழாவிய கை அவள் தலையைக் கண்டது, கன்னத்தைத் தடவிற்று, மூக்கருகே விரல்களை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தது. பிறகு அவள்மேல் அமைந்தது. நெற்றிச் சுருக்கம் கலைந்தது.

அந்தக் கைக்கு அடியில், கண்களைத் திறந்தபடி, தூங்கும் குழந்தையைப்போல் சீராக மூச்சுவிட்டுக்கொண்டு, தேசம்மாள் அசையாமல் கிடந்தாள்.